ஆளில்லாப் படலைகளுக்கு விட்ட கயிறு

இதை எழுத வேண்டும் என்று நினைத்த பிறகு எத்தனையோ சிவராத்திரி வந்து போய்விட்டது. பேனையை எடுப்பேன். நாலு வரி மனதில் ஓடும். பிறகு சாமியறையில் விபூதித் தட்டுக்குப் பக்கத்தில் அதை வைத்துவிட்டு எழும்பிப் போய்விடுவேன். நான் எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டு, அலவாங்கு என்கிற கடப்பாரையைத் தூக்கினவன். டெலிபோன் வேலையில் கூலியாகச் சேர்ந்து, குழி வெட்டி, வயர் இழுத்து, கடைசியில் ஒரு கேங்குக்குத் தலைவனாக ஓய்வு பெற்றவன். எழுத்து என் கைக்குப் பழக்கமில்லை.

அது ஒரு காரணம். மற்றக் காரணம், இது என் கதை மட்டும் இல்லை. இதற்குள் ஒரு பெண்ணின் ஏக்கம் இருக்கிறது. அதைத் தெருவுக்குக் கொண்டுவர எனக்கு என்ன உரிமை என்று தயங்கிக்கொண்டே இருந்தேன். கடைசியில் போன வெள்ளிக்கிழமை அவரிடமே போய்க் கேட்டுவிட்டேன்.

"எழுதுங்கோ தம்பி," என்றார். "ஆனா ஒண்டையும் கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம்."

ஆகவே எழுதுகிறேன். வீடு வீடாக இன்டர்நெட் பைபர் இழுக்கும் பிள்ளைகளே, இது உங்களுக்கு. அலுவலகத்தில் என்னைக் கூப்பிட்டுத் தேத்தண்ணி தந்த அன்று உங்களில் ஒருவர் கேட்டீர்கள்: "ஐயா, அன்புவழிபுரத்தில ஒரு ஒழுங்கையில ஆளில்லாத வீட்டுக்கெல்லாம் பைப் போட்டிருக்கு. அந்த நாளில ஆர் இப்பிடிக் காசை மண்ணுக்குள்ள தாட்டது?" எல்லோரும் சிரித்தீர்கள். நானும் சிரித்தேன். நின்றநிலையில் சொல்லக்கூடிய பதில் இல்லை அது.

தாட்டவன் நான்தான். கூட நின்றவன் ஜவாஹிர்.

ஜவாஹிர் கிண்ணியாக்காரன். எனக்கு இளையவன், ஆனால் வேலையில் எனக்குச் சமம். அப்போது கிண்ணியாவுக்குப் பாலம் இல்லை. ஆளையும் வாகனத்தையும் ஏற்றித் துறை கடத்தும் மிதவையில்தான் வரவேண்டும். அதற்குப் 'பாதை' என்று பெயர். என்றைக்குப் பிந்தி வந்தாலும் "பாதை லேட்டு அண்ணன்" என்பான். ஒருநாள் பெருநாள் விருந்துக்கு அவன் வீட்டிலேயே தங்கி, அடுத்தநாள் இரண்டு பேரும் சேர்ந்தே பிந்தி வந்தோம். அன்றைக்கும் என் முகத்தைப் பார்த்து "பாதை லேட்டு அண்ணன்" என்றான். புது இடத்தில் மண் வெட்டுமுன் நான் ஒரு தேங்காய் உடைப்பேன். அவன் பிஸ்மி சொல்லுவான். அதற்குப் பிறகுதான் முதல் வெட்டு.

சமாதானப் பேச்சு நடந்துகொண்டிருந்த காலம் அது. சனங்கள் கொஞ்சம் மூச்சு விட்டார்கள். அந்த ஒழுங்கைக்கு டெலிபோன் கொடுக்கச் சொல்லி எங்களுக்கு உத்தரவு வந்தது. தூண் நட்டு மேலால் இழுக்க ஏலாது. அந்த நாளில் நட்ட தூண் நட்ட இடத்தில் நிற்காது. ஏதாவது ஒரு பங்கருக்குக் கூரையாகிவிடும், எடுத்தது ஆர் என்று கேட்கவும் ஏலாது. ஆகவே நிலத்துக்குக் கீழால் பைப் போடச் சொன்னார்கள். எங்கள் எஞ்சினியர் நல்ல மனிசர். அவர் சொன்னார்: "நாளைக்குப் பைபர் எண்டு கண்ணாடி நார் வரும். கொழும்பில வந்திட்டுது. பைப்பைக் கொஞ்சம் பெரிசாப் போடுங்கோ. ஆள் இருக்கிற வீடுகளுக்குக் கட்டாயம் விடவேணும். மற்ற வீடுகள் உங்கட யோசனை."

உங்கட யோசனை! அந்த இரண்டு சொல்லில் மாட்டிக்கொண்டவன் நான்.

சிறிய ஒழுங்கை, சந்து மாதிரி. இரண்டு பக்கமும் வீடுகள். ஆள் குடியிருந்தது மூன்றில்தான். மற்ற வீடுகளில் பூட்டுத் துருப்பிடித்துத் தொங்கியது. முற்றத்தில் இடுப்பளவுக்குப் பற்றை.

"அண்ணன், மத்த வீடெல்லாம் வவ்வாலும் மரநாயும்தான்," என்றான் ஜவாஹிர். "மரநாய்க்கு யாருண்ணன் கோல் எடுக்கப் போறா?"

பின்னால் ஒரு குரல் கேட்டது. "மரநாய்க்கு இல்லைத் தம்பி. என்ர தங்கச்சிக்கு."

கமலாம்பிகை அக்காவை நான் முதலில் கண்டது அப்போதுதான். கல்யாணம் செய்யாதவர். வீட்டில் தையல் மெசின் வைத்துப் பள்ளிக்கூடச் சட்டை தைப்பவர். இடுப்பில் ஒரு பெரிய திறப்புக்கோர்வை, சாவிக்கொத்து. அந்த ஒழுங்கையை விட்டுப் போனவர்கள் எல்லோரும் தங்கள் வீட்டுத் திறப்பை அவரிடம் கொடுத்துவிட்டுப் போயிருந்தார்கள். முதலில் கொடுத்தது அவருடைய தங்கை வசந்தி. எதிர்வீடு. புருஷனோடும் பிள்ளைகளோடும் மன்னாருக்குப் போய், வள்ளம் ஏறி, இந்தியாவில் அகதி முகாமுக்குப் போனவள். "ஒரு மாசத்தில வந்திடுவன் அக்கா, விளக்கை மட்டும் கொளுத்தி விடு" என்று சொல்லித் திறப்பைக் கொடுத்தவளாம். அவளுடைய மூத்த பிள்ளைக்கு அப்போது பல் விழுகிற வயது. நாங்கள் குழி வெட்டப் போனபோது அந்தப் பிள்ளைக்குக் கல்யாணப் பேச்சு நடந்துகொண்டிருந்தது.

அக்கா தினமும் விளக்கு வைக்கிற நேரம் எதிர்வீட்டைத் திறந்து, சாமிப்படத்துக்கு விளக்கேற்றி, கொஞ்சநேரம் இருந்துவிட்டு வருவார்.

ஜவாஹிர் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டான். "மன்னிச்சுக்கங்க அக்கா. வாய் கூடிப் போயிட்டு."

"அதுக்கென்ன. தங்கச்சி போன் எடுக்கிறதெண்டால் டவுனில கொமினிக்கேசன் கடைக்குத்தான் எடுப்பாள். ஞாயிற்றுக்கிழமை நான் போய்க் காவல் இருக்கிறது. எனக்குத் தாற லைனை அவளின்ர வீட்டுக்குக் குடுங்கோ தம்பி."

"ஆளில்லாத வீட்டில மணி அடிச்சா ஆர் அக்கா எடுக்கிறது?" என்று கேட்டேன்.

"நான் ஓடிப் போய் எடுப்பன். தன்ர வீட்டுக்குப் போன் எடுத்தன் எண்ட நினைப்பு அவளுக்கு இருக்கட்டும்."

குடியிருப்பவர் கையெழுத்து இல்லாமல் லைன் கொடுக்க ஏலாது. அதை அவருக்குச் சொன்னேன். ஆனால் பைப் போடுவதற்கு எவருடைய கையெழுத்தும் வேண்டாம். அன்று மத்தியானம் நான் யோசித்தது உருக்கத்தில் மட்டும் இல்லை, இதைக் கவனியுங்கள். அந்த ஒழுங்கையில் மண் வெட்ட அனுமதி எடுப்பதற்கு ஒவ்வொரு அரசாங்கக் கந்தோராக அலைந்திருந்தோம். இன்று மூடினால் இனி எப்போது திறக்க விடுவார்களோ, எங்கள் கையில் இல்லை. ஆகவே, திறந்த மண்ணைத் திறந்த அன்றே பயன்படுத்த வேண்டும். இருக்கிறவர்களுக்கு மட்டும் போட்டால் அது இன்றைய வேலை. வரப்போகிறவர்களுக்கும் சேர்த்துப் போட்டால்தான் அது டெலிபோன் வேலை.

எல்லா வீட்டுக்கும் போட்டோம். ஒழுங்கை முகப்பில் ஒரு மேன்ஹோல். அதிலிருந்து ஒவ்வொரு வீட்டு வாசல் படலைக்கும் ஒரு பைப். வெறும் பைப்பைத் தாட்டால் பிறகு வயர் நுழைக்கப் பெரும்பாடு. அதனால் உள்ளே ஒரு கயிற்றை விட்டு வைப்போம். வயர் வரும் நாளில் கயிற்று நுனியில் கட்டி இழுத்தால் சரி. கந்தோரில் கயிறு முடிந்துவிட்டது. ஜவாஹிர் கிண்ணியா மீன்காரரிடம் கேட்டு நீல நைலோன் கயிறு கொண்டுவந்தான். ஒவ்வொரு படலையடியிலும் ஒரு கயிற்று வளையம் வெளியே தெரிய விட்டு, பைப்பின் இரண்டு பக்க வாயையும் களிமண்ணால் அடைத்தோம்.

மூன்று வீடுகளுக்கு டெலிபோன் கிடைத்தது. மற்றப் படலைகளில் நீல வளையம் மட்டும். வசந்தி வீட்டு வளையத்தை அக்கா குனிந்து தொட்டுப் பார்த்தார்.

"இனி அவள் வாறதுதான் மிச்சம்," என்றார்.

பேச்சு முறிந்தது. திரும்பவும் சண்டை துவங்கிவிட்டது. டவுனில் குண்டு வெடித்தது, சந்திக்குச் சந்தி சோதனை. ஒருநாள் காலை நானும் ஜவாஹிரும் பழுது பார்க்கப் பிக்கப்பில் போய்க்கொண்டிருந்தோம். அந்த ஒழுங்கை முகப்பில் ஆமி வாகனம் நின்றது. மூன்று வீட்டுச் சனமும் வெயிலில் றோட்டில் குந்தியிருந்தார்கள். கமலாம்பிகை அக்காவைத் தனியாக நிறுத்தியிருந்தார்கள். அவருடைய திறப்புக்கோர்வை ஓர் இளம் அதிகாரியின் கையில் இருந்தது.

எனக்கு உடனே விளங்கிவிட்டது. ஆளில்லாத ஒவ்வொரு வீட்டு வாசலிலும் மண்ணுக்குள்ளிருந்து ஒரு நீலக் கயிறு. அந்த வீடுகள் எல்லாவற்றின் திறப்பும் ஒரே பெண்ணின் இடுப்பில். குண்டு வெடித்த ஊரில் இதைப் பார்க்கிறவனுக்கு என்ன தோன்றும்? எனக்கே தோன்றியிருக்கும்.

"அண்ணை, திருப்புறன். எங்களுக்கேன் வம்பு?" என்றார் டிரைவர்.

அவர் சொன்னதில் பிழையில்லை. ஆனால் கயிறு நாங்கள் விட்டது. அதற்கு அந்த மனுசி பதில் சொல்லக்கூடாது. நிறுத்தச் சொன்னேன்.

ஜவாஹிர் என்னைப் பார்த்தான். "அண்ணன், இறங்கினா பிறகு ரெண்டு விதமாத்தான் ஏறலாம். ஒண்டு நம்மட பிக்கப்பில. இல்லாட்டி அவங்கட ட்ரக்கில."

"நீ இரு. நான் போறன்."

"உங்கட சிங்களத்துக்கு உங்களோட சேத்து டிரைவரையும் பிடிப்பானுகள். நடங்க."

கோணநாதரை மனதில் நினைத்துக்கொண்டு இறங்கினேன். ஜவாஹிருக்குச் சிங்களம் தண்ணீர் மாதிரி. அவன் சொல்லச் சொல்ல அந்த அதிகாரி என் சட்டையையும் நெற்றித் திருநீற்றையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு ஒன்று கேட்டார்.

"ஆளில்லாத வீட்டுக்கு எதுக்கு டெலிபோன் எண்டு கேக்கிறார் அண்ணன்."

"திரும்பி வருவினம் எண்டு சொல்லு."

சொன்னான். அதிகாரி ஒரே சொல்லில் திருப்பிக் கேட்டார்.

"எப்ப எண்டு கேக்கிறார்."

அக்காதான் தமிழில் சொன்னார்: "வருவம் எண்டுதான் தம்பி திறப்பைத் தந்தவையள்." ஜவாஹிர் அதை மெதுவாகச் சிங்களத்தில் சொன்னான். அதிகாரி கையிலிருந்த கோர்வையைப் பார்த்தார். ஆனால் கொடுக்கவில்லை. படலையைக் காட்டி, கயிற்றை இழுத்துக் காட்டச் சொன்னார். இல்லாவிட்டால் அக்காவை ஏற்றிக்கொண்டு போவதாகவும், ஒழுங்கை முழுவதையும் கிண்டுவதாகவும் சொன்னார்.

பிள்ளைகளே, இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். எங்கள் கயிறுதானே என்று நான் போய் இழுத்திருக்கலாம். ஆனால் நாங்கள் அந்த மண்ணை மூடிக் கனகாலம். மூடின அன்று உள்ளே என்ன இருந்தது என்று எனக்குத் தெரியும். அதற்குப் பிறகு அந்தப் படலையடியில் ஆர் என்ன செய்தார்கள் என்று தெரியாது. தன் கைவேலையை நம்பலாம். தான் பார்க்காத நாட்களை நம்பக்கூடாது.

"இழுக்க மாட்டன் எண்டு சொல்லு," என்றேன்.

ஜவாஹிர் திடுக்கிட்டான். "அண்ணன், பகிடிக்கு இது நேரமில்ல."

"சொல்லு. முதல் மேன்ஹோலைத் திறக்கவேணும். எல்லாக் கயிறும் அங்கதான் வந்து சேருது."

அதிகாரி யோசித்து, எல்லோரையும் தள்ளி இருக்கச் செய்தார். நானும் ஜவாஹிரும் மூடியைக் கிளப்பினோம். உள்ளே பைப் வாய்களில் நாங்கள் அடைத்த களிமண் எங்கள் விரல் பதிந்தபடியே காய்ந்து கிடந்தது. ஒருவரும் கை வைக்கவில்லை. களிமண்ணை உடைத்து, எல்லோரும் தூரத்தில் நிற்க, ஒவ்வொரு கயிற்றையும் விரற்கடை அளவு இழுத்து விட்டேன். எல்லாம் தடையில்லாமல் வந்தன.

அதிகாரிக்கு அது போதவில்லை. இங்கே இழுக்கிற கயிறுதான் அங்கே படலையில் இருக்கிற கயிறு என்று எப்படித் தெரியும்? கேள்வி நியாயம். அங்கே ஒருவர் வளையத்தைப் பிடித்துச் சொல்ல வேண்டும்.

ஜவாஹிர் எழுந்தான். அதற்குள் அக்கா நடக்கத் தொடங்கிவிட்டார். ஒருவரிடமும் கேட்கவில்லை. நேரே வசந்தி வீட்டுப் படலைக்குப் போய், மண்ணில் முழங்காலிட்டு, நீல வளையத்தை இரண்டு கையாலும் பிடித்தார்.

நான் இழுத்தேன்.

"வருது தம்பி!" அக்கா அங்கிருந்து கத்தினார். "இழுக்கிறது தெரியுது! வருது!"

"பெரிய மீன்தான் போல அண்ணன்," என்றான் ஜவாஹிர். சொல்லும்போதே அவன் கண் கலங்கியிருந்தது.

அதிகாரி எல்லா வீட்டுக்கும் செய்யச் சொன்னார். அக்கா படலை படலையாகப் போனார். வளையத்தைப் பிடித்ததும் அந்த வீட்டுப் பெயரைச் சொல்லுவார், நான் இழுப்பேன். "இது மாஸ்டர் வீடு. கனடாவில இருக்கினம். ஓம், வருது." "இது தச்சுவேலை செய்தவற்ற வீடு. கொழும்பில. வருது." "இது ரெட்டைப் பிள்ளையள் வீடு. லண்டனில. வருது, வருது." ஒரு படலையில் பெயரை மட்டும் சொன்னார். அதற்குப் பிறகு ஊர் சொல்லவில்லை. நானும் மெதுவாகத்தான் இழுத்தேன். "வருது," என்றார்.

கோயிலில் கூட நான் அப்படி ஒரு நாமாவளி கேட்டதில்லை. குந்தியிருந்த சனம் அசையவில்லை. ஜவாஹிர் மொழிபெயர்ப்பதை எப்போதோ நிறுத்திவிட்டான். அதிகாரியும் மொழிபெயர்க்கச் சொல்லிக் கேட்கவில்லை.

கடைசியில் அவர் வந்து திறப்புக்கோர்வையை அக்காவின் கையில் கொடுத்தார். ஆனால் உத்தரவு உத்தரவுதான். மண்ணுக்கு மேல் ஒரு கயிறும் தெரியக்கூடாது. பைப்பைக் கிண்டி எடுக்க வேண்டாம், வாயை மூடித் தாழ்த்திவிடுங்கள் என்றார். அடையாளத்துக்குக் கம்பி, கட்டை ஒன்றும் நடக்கூடாது.

அடையாளம் இல்லாமல் மண்ணுக்குள் போன பைப் தொலைந்த பைப்தான். நான் தலையைச் சொறிந்தேன்.

"செவ்வரத்தை நடலாமோ எண்டு கேளுங்கோ," என்றார் அக்கா.

ஜவாஹிர் கேட்டான். செடி வளர்ந்தால் றோட்டை மறைக்கும், முழங்காலுக்கு மேல் வளரக்கூடாது என்றார் அதிகாரி.

"வளர விட மாட்டன். பூ சாமிக்கு, கொப்பு ஆட்டுக்கு," என்றார் அக்கா.

அப்படித்தான் நட்டோம். பைப் வாய்க்கு மேல் நட்டால் வேர் நெரிக்கும். ஆகவே வாயிலிருந்து ஒரு கை நீளம் வலப்பக்கமாக, எல்லாப் படலைக்கும் ஒரே மாதிரி. சண்டை நடந்த வருஷங்கள் முழுக்க அக்கா அவற்றுக்குத் தண்ணி ஊற்றினார். தினம் பூப் பறித்து, கொப்பு வெட்டி, முழங்காலுக்கு மேல் விடவில்லை. நான் அந்தப் பக்கம் போனால் படலைக்குப் படலை சிவப்பாகத் தெரியும். அதைப் பார்த்தால் எனக்கு ஒரு நேரம் ஆறுதலாக இருக்கும். ஒரு நேரம் தாங்க ஏலாமல் இருக்கும்.

யுத்தம் முடிந்தது. பிறகு, நான் ஓய்வு பெறுகிற வருஷம், அந்த ஒழுங்கைக்கு பைபர் வந்தது. செவ்வரத்தைக்கு இடப்பக்கம் ஒரு கை நீளம் கிண்டச் சொன்னேன். எல்லா வாயும் கிடைத்தன. நீலக் கயிறு நிறம் மாறாமல் இருந்தது. அதில் பைபரைக் கட்டி, ஜவாஹிர் மேன்ஹோலில் இருந்து இழுத்தான்.

"அக்கா, இனி உங்கட வீட்டுக்குப் பைபர் பூட்டுவம்," என்றேன்.

"என்ர வீட்டுக்கு வேண்டாம் எண்டு எப்பவோ சொன்னனானே," என்றார்.

இப்போது வீட்டுக்காரரின் சம்மதம் போதும்; வசந்தி இந்தியாவிலிருந்து அதை அனுப்பியிருந்தாள். எதிர்வீட்டில், சாமிப்படத்துக்கு நேரே உள்ள சுவரில் இன்டர்நெட் பெட்டியைப் பூட்டினோம். அன்று பின்னேரம் அக்கா போனை எடுத்து வீடியோவில் அழைத்தார். திரையில் நரைத்த தலையோடு ஒரு பெண். முகாமிலிருந்து பேசினாள்.

"அக்கா, எங்க இருக்கிறாய்?"

"உன்ர வீட்டில."

"குசினியைக் காட்டு," என்றாள். அக்கா அடுப்படியைக் காட்டினார். "யன்னலைத் திற." திறந்தார். "அந்தக் கதிரை இன்னும் கிடக்கா?" அந்த நாற்காலியும் கிடந்தது. பிறகு அக்கா போனைச் சாமிப்படத்துக்கு முன்னால் நிறுத்தி வைத்துவிட்டு விளக்கேற்றினார். அங்கே அவள் கை கூப்பினாள். இங்கே நாங்களும் கூப்பினோம். ஜவாஹிர் வாசலில் போய் நின்றுகொண்டான்.

இப்போதும் விளக்கு வைக்கிற நேரம் அப்படித்தான். தங்கை அங்கே இருந்து தன் வீட்டு விளக்கைக் கும்பிடுகிறாள்.

நீங்கள் அடுத்ததாக ஈச்சிலம்பற்றுப் பக்கம் பைபர் கொண்டுபோவதாகக் கேள்விப்பட்டேன். அங்கேயும் பூட்டின வீடுகள் இருக்கும். ஆள் இருக்கிற வீட்டை மட்டும் எண்ணாதீர்கள். நாரிலும் பைப்பிலும் கொஞ்சம் மிச்சம் விடுங்கள். உங்களுக்குப் பிறகு இன்னும் வேகமான ஒன்று வரும், அதற்கும் அந்த வழிதான் வேண்டும். வழி விட்டு வைப்பது எங்கள் வேலை. வருவதும் வராததும் ஆண்டவன் செயல்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். இந்தக் கதை ஊரில் ஏற்கெனவே வேறு மாதிரி ஓடுகிறது. கயிற்று நுனியில் உண்மையாகவே குண்டு இருந்ததாம். கோயில் அம்மாள் வந்து காட்டினாவாம். எல்லாவற்றையும் விட, முடிவில் தங்கச்சி வந்து படலையைத் திறந்தாளாம். சொல்கிறவர்களுக்கு ஆசை, அதனால் சேர்க்கிறார்கள். எனக்கும் அந்த ஆசை இருக்கிறது. ஆனால் நீங்கள் உங்களுக்குப் பின்னால் வருகிற பிள்ளைகளுக்குச் சொல்லும்போது நான் எழுதினபடியே சொல்லுங்கள். வசந்தியைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்திவிடாதீர்கள். அவள் இன்னும் வரவில்லை. அக்கா இன்றைக்கும் செவ்வரத்தைக்குத் தண்ணி ஊற்றுகிறார்.